நிறைவு மணி

அந்த ஷோரூமுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது கார் இல்லை, மணி. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஆளுயர மரச்சட்டத்தில் ஒரு பித்தளை மணி தொங்கும். அதற்கு நிறைவு மணி என்று பெயர். வண்டி வாங்கிப் போகிறவரும், பழுது பார்க்க விட்ட வண்டியைத் திரும்ப எடுத்துப் போகிறவரும் கயிற்றைப் பிடித்து அதை அடிக்க வேண்டும். அடித்ததும் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும், போனில் பேசிக்கொண்டிருப்பவர் உட்பட, எழுந்து நின்று கைதட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் மேசைமேல் ஒரு திரையில் மூன்று முகங்கள் வரும். பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் சும்மா இருக்கும், சிவப்பு முகம் அழும். பச்சையைத் தொட்டால் இழுப்பறை தானாகத் திறந்து சாவி வெளியே வரும். மற்ற இரண்டில் எதைத் தொட்டாலும் இழுப்பறை அசையாது. ‘உங்கள் கருத்தை மதிக்கிறோம், மீண்டும் முயற்சி செய்யவும்’ என்று எழுத்து மட்டும் வரும்.

ஆகவே அந்த ஷோரூமில் வண்டியை விட்டவர்களில் மனம் நிறையாமல் திரும்பிப் போனவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் பலகையாக எழுதி வாசலில் மாட்டியிருந்தார்கள்.

நூலகர் ஒருவர் அந்த வாசலை மிதிக்கக் காரணம் அவர் மனைவியின் முழங்கால். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டிலும் டீச்சர்தான். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் காலை ஒப்படைத்து, மடக்கி நீட்டிப் பழக வேண்டும். பழகாமல் விட்டால் கால் கட்டை மாதிரி நின்றுவிடும் என்று அந்தப் பெண் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். டீச்சரின் வகுப்பு மாடியில். பஸ்ஸின் படி உயரம், அதில் அந்தக் கால் ஏறாது. ஆகவே வீட்டிலிருந்த சேமிப்பை வழித்துத் துடைத்து ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

பழைய கார் என்ற வார்த்தையை அங்கே வாயில் எடுக்கக் கூடாது. நூலகர் தெரியாமல் சொல்லிவிட்டார். கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் அடிபட்டவர் மாதிரி முகத்தைச் சுருக்கி, “மறுவாழ்வு வாகனம்னு சொல்லுங்க சார், அதுக்கும் மனசு இருக்கு” என்றார். அவர் சட்டையில் ‘வாடிக்கையாளர் உறவு அலுவலர்’ என்று எழுதியிருந்தது. பெயர் நீளமாக இருப்பதால் உறவுக்காரர் என்று சொன்னால் போதும். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, அக்காவுக்குக் கால் எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்று உண்மையான உறவுக்காரர்கள் கேட்க மறந்ததையெல்லாம் அவர் கேட்டார். வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் வேறு துறையில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. சாம்பல் நிறம், முன்சீட்டில் கால் நீட்ட நல்ல இடம். நூலகர் மணியடித்தார். ஆயுள் முழுக்க மற்றவர்களை ‘உஷ்’ என்று அடக்கியே பழகின மனிதர், கயிற்றை இழுத்தபோது மணிக்கே கேட்காத அளவுக்குத்தான் சத்தம் வந்தது. “இன்னும் கொஞ்சம் நிறைவா அடிங்க சார்” என்று உறவுக்காரர் கெஞ்சினார். திரும்பவும் அடித்தார். கைதட்டினார்கள். அன்றைய போட்டோவில் நூலகர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஷோரூமிலிருந்து வலப்பக்கம் திரும்பி, நேராக வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் இடப்பக்கம் திருப்பினார். வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருகினார், கிளம்பியது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்தார், நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரனில் கையை வைத்தார்கள். பக்கத்துச் சீட்டில் இருந்த டீச்சர் நீட்டின காலைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

“ஏங்க, இதுக்கா மணி அடிச்சீங்க?”

கேள்வி நியாயமானது.

வியாதி இவ்வளவுதான். நேராகப் போனால் வண்டி தங்கமாகப் போகும். வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய். இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் இன்ஜின் மூச்சை விட்டுவிடும். இதைச் சொல்வதற்கு ஒரு மெக்கானிக்கோ இன்ஜினியரோ தேவையில்லை, உள்ளே உட்கார்ந்திருந்த யாரும் சொல்லிவிடலாம். உறவுக்காரரிடம் நூலகர் அப்படியே சொன்னார். உறவுக்காரர் கண்கலங்கக் கேட்டுக்கொண்டு, வண்டியை சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பி வைத்தார்.

சர்வீஸ் மேனேஜர் வெள்ளைச் சட்டைக்காரர். அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கிரீஸ்கூடப் பட்டதில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பின்பக்கத்தில் ஷோரூம்காரர்கள் ஒரு செயற்கைக் குளம் வெட்டி, பிளாஸ்டிக் வாத்துகளை மிதக்க விட்டிருந்தார்கள். பழுது பார்த்த வண்டிகளை அந்தக் குளத்தைச் சுற்றித்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். குளத்தைச் சுற்றிலும் தரையில் வெள்ளை அம்புக்குறிகள். எல்லாம் ஒரே வழி, எல்லாம் வலப்பக்கம். சாலையிலிருந்து வாசலுக்குள் வருவது வலப்பக்கம், குளத்தைச் சுற்றுவது வலப்பக்கம், வெளியே போவதும் வலப்பக்கம்.

கொஞ்ச நாள் கழித்து வண்டியைத் திரும்பக் கொடுத்தபோது, குறை எதுவும் காணப்படவில்லை என்று மேனேஜர் சொன்னார். குளத்தைச் சுற்றி ஆன மட்டும் ஓட்டிப் பார்த்தாயிற்று, வாத்துகளுக்கே தலைசுற்றியிருக்கும் என்று நகைச்சுவையாகவும் பேசினார். நூலகர் தயங்கித் தயங்கி, ஒரே ஒரு தரம் இடப்பக்கம் திருப்பிப் பார்க்கலாமே என்றார்.

மேனேஜரின் சிரிப்பு மறைந்துவிட்டது.

“அம்புக்குறிக்கு எதிரா வண்டி ஓட்டச் சொல்றீங்களா சார்? நீங்க படிச்சவர். இது ஒழுங்குமுறை உள்ள இடம். எங்க கம்பெனியில எவனும் இன்னிக்கு வரைக்கும் இடப்பக்கம் திரும்பினதில்ல.”

“ரோட்டுல திரும்பணுமே சார்.”

“ரோட்டுல வண்டி என்ன பண்ணுதுங்கறது ரோட்டோட பிரச்சினை. எங்ககிட்ட வந்தா அது ஒழுங்கா நடந்துக்குது. அத நீங்க பாராட்டணும்.”

ஆனாலும் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வந்த வண்டியைச் சும்மா அனுப்புவது அந்த இடத்துக்கு மரியாதை இல்லையாம். நன்றாக இருந்த பாட்டரியைக் கழற்றிவிட்டு வேறு பாட்டரி வைத்திருந்தார்கள். நூலகர் மணியடித்தார், கைதட்டல் வாங்கினார், பச்சையைத் தொட்டார், சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிச் சாலையில் வண்டி வழக்கம்போல நின்றது. போதாததற்கு மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்க வைப்பரைப் போட்டார், ஹாரன் அடிக்கத் தொடங்கியது. வைப்பர் ஒரு தரம் போய் வந்தால் ஹாரன் ஒரு தரம் அடித்தது. முன்னால் போனவர்கள் எல்லாரும் திரும்பித் திரும்பித் திட்டினார்கள். நூலகர் வாழ்நாளில் போட்ட சத்தத்தையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு மழைக்குப் பக்கத்தில் வராது.

ஹாரனைச் சரிசெய்யக் கொண்டுபோனார். ஹாரனைச் சரிசெய்தார்கள். அதற்கப்புறம் பின்சீட்டுக் கண்ணாடிகள் கீழே இறங்க மறுத்தன. பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்கவில்லை. வெளியேயிருந்தும் சாவியைப் போட்டுத் திருகினால்தான் திறந்தன. இதைச் சொல்லப் போனபோது மேனேஜர் கையைக் குலுக்கி வாழ்த்தினார். விலை உயர்ந்த வண்டிகளில்கூட இல்லாத பாதுகாப்பு தற்செயலாக இவருக்குக் கிடைத்திருக்கிறதாம். பின்சீட்டில் உட்காருகிறவர் இனி எந்தக் காலத்திலும் தவறி விழ மாட்டாராம்.

“உள்ள உக்கார்ந்திருக்கிறவங்க இறங்கணும்னா?” என்று நூலகர் கேட்டார்.

“எதுக்கு சார் இறங்கணும்? வண்டி வாங்கறதே உக்காரத்தானே.”

நூலகர் இடப்பக்கத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். அது பழைய புகார், அதற்குத்தான் ஏற்கெனவே மணியடித்து, பச்சையும் தொட்டாயிற்றே என்று மேனேஜர் நினைவுபடுத்தினார். மனம் நிறைந்துவிட்டதாக நீங்களே ஊரறியச் சொல்லிவிட்டு, இப்போது வந்து மாற்றிப் பேசினால் எங்கள் ஆட்கள் மனசு என்ன பாடுபடும் என்று உறவுக்காரரும் பக்கத்திலிருந்து வருத்தப்பட்டார். நூலகர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். மணியைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவர் ஒருவர்தான்.

அடுத்த முறை வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது என்றார்கள். நூலகருக்கு அதிர்ச்சி வந்துவிட்டது, இன்பத்தைத்தான் காணோம். வண்டியில் ‘அன்புக் குரல்’ பொருத்தியிருந்தார்கள். இன்ஜினைக் கிளப்பினால் போதும், கம்பெனியின் எம்.டி. தம் சொந்தக் குரலில், கம்பீரமாக, அவசரமே இல்லாமல் பேசுவார்: “எங்கள் குடும்பத்தில் ஒருவரான உங்களுக்கு என் நன்றி. உங்கள் மனநிறைவே என் நிம்மதி.”

இதை நிறுத்த ஒரு வழியும் கிடையாது. இடப்பக்கம் திரும்புகிற இடத்திலெல்லாம் வண்டி நிற்கும். கிளப்பினால் எம்.டி. நன்றி சொல்வார். இன்னும் கொஞ்சம் ஒடித்தால் நிற்கும், கிளப்பினால் மறுபடியும் நன்றி. ஒரு முச்சந்தியைத் தாண்டுவதற்குள் அந்த மனிதருக்கு நிம்மதி பொங்கி வழியும். பின்னால் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி நூலகரின் பரம்பரையையே விசாரிப்பார். டீச்சர் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

கடைசியில் நூலகரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வலப்பக்கம், மறுபடி வலப்பக்கம், மறுபடி வலப்பக்கம் என்று ஒரு சுற்றுச் சுற்றினால், போக வேண்டிய சாலையிலேயே வந்து சேரலாம். கேட்க எளிதாக இருக்கிறது. அந்தச் சுற்றில் மார்க்கெட் இருந்தது, பள்ளிக்கூட வாசல் இருந்தது, தோண்டி மூடாத சாக்கடை ஒன்றும் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் டீச்சரின் முறை தாண்டி, அடுத்த நோயாளியின் காலை அந்தப் பெண் மடக்கிக்கொண்டிருப்பாள். இப்படித் தவறிப்போனது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

ஒருநாள் அந்தப் பெண் டீச்சரின் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, நூலகரை வெளியே கூப்பிட்டாள். கால் இறுக ஆரம்பித்துவிட்டது என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். அன்றைக்கும் வராவிட்டால் திரும்பக் கத்தி வைப்பதா, இப்படியே விட்டுவிடுவதா என்று அவர் பாட்டுக்கு முடிவு பண்ணிவிடுவார் என்றாள். நூலகர் அன்று மனைவியிடம் பாதியைத்தான் சொன்னார். டீச்சர் மீதியைத் தானே கூட்டிப் பார்த்துக்கொண்டார். வீடு வரும்வரை எம்.டி. மட்டும் நன்றி சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வாரத்தில்தான் உறவுக்காரர் போன் செய்தார். குரல் தழுதழுத்தது. ஆண்டின் நிறைவான வாடிக்கையாளராக நூலகரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வேறு எவரும் அவர் கிட்டேயே வர முடியாத அளவுக்கு அதிகத் தடவை நிறைவு மணி அடித்தவர் அவர்தானாம். வெள்ளிக்கிழமை காலை விழா.

நூலகர் முதலில் மறுத்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி போக வேண்டும் என்றார். அக்காவையும் கூட்டி வாருங்கள், நேரத்தோடு முடித்து அனுப்பிவிடுகிறோம் என்றார் உறவுக்காரர். விழா முடிந்ததும் எம்.டி.யே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறையைக் கேட்பார், அவர் ஒரு வார்த்தை சொன்னால் அம்புக்குறியெல்லாம் தூசு என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நூலகர் சரி என்று சொல்லிவிட்டார். டீச்சர் மட்டும், இந்த முறை எத்தனை மணி அடிக்கச் சொல்வார்களோ என்று முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை ஷோரூம் அமர்க்களப்பட்டது. ஒரு சுவர் முழுக்க ‘மகிழ்ந்த முகங்கள்’ என்று வாடிக்கையாளர்களின் போட்டோக்கள். அதில் ஒரு வரிசை முழுக்க நூலகரே இருந்தார். முதல் படத்தில் சிரித்தார். அடுத்ததில் சிரிக்க முயற்சி செய்தார். அப்புறம் அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி நின்றார். கடைசிப் படத்தில், செத்துப்போனவரை அடையாளம் காட்ட வந்தவர் மாதிரி கயிற்றைப் பிடித்திருந்தார். எல்லாப் படத்துக்கும் கீழே ‘மகிழ்ந்த முகம்’ என்றே எழுதியிருந்தது.

ஏற்பாடு இதுதான். எம்.டி. நூலகரின் காரில் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். டீச்சர் காலை நீட்டிக்கொண்டு முன்சீட்டில். நூலகர் ஓட்டுவார். வண்டி குளத்துப் பக்கமாக வந்து பந்தல் முன்னால் நிற்கும். விருந்தினர்கள், புது வண்டி வாங்க வந்தவர்கள், கம்பெனி ஆட்கள் எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். நிறைவு மணியைச் சட்டத்தோடு பெயர்த்துக் கொண்டுபோய்ப் பந்தலில் வைத்திருந்தார்கள்.

ஏறிக்கொண்டபோது எம்.டி. மிகவும் உற்சாகமாக இருந்தார். பெரிய உடம்பு, அதற்குப் பொருத்தமாகத் தைத்த கோட்டு. டீச்சரைப் பார்த்து, காலில் என்னம்மா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தம் பேச்சை ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்கும் பாக்கியம் நூலகர் தம்பதிக்கு மட்டும்தான் கிடைத்தது.

“ஒரு தரம் வந்துட்டுத் திரும்ப வராம போறவன் சும்மா வாடிக்கையாளர். திரும்பத் திரும்ப வர்றவர்தான் குடும்பம். வண்டி நல்லாருந்தா நம்மள யார் நினைக்கப் போறாங்க? மறந்துடுவாங்க. இந்த ஐயா ஒருநாளாவது நம்மள மறந்திருப்பாரா? மறக்க விடுவோமா நாம?”

நூலகர் மறந்ததில்லை என்று ஒப்புக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பந்தலைப் பார்த்தார். குளத்துக்கு வலப்பக்கம் வெயில் அடிக்கிறது என்று பந்தலை இடப்பக்கம் போட்டிருந்தார்கள். தரையில் இருந்த அம்புக்குறிகளை விழாவுக்காகச் சிவப்புக் கம்பளம் விரித்து மறைத்திருந்தார்கள்.

“சார், இந்த வண்டிய இடப்பக்கம் திருப்பினா...”

“அங்க திருப்புங்க, கேமரா அங்கதான் இருக்கு” என்றார் எம்.டி.

நூலகர் திருப்பினார். வண்டி நின்றது. பந்தலில் கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. நூலகர் சாவியைத் திருகினார்.

“எங்கள் குடும்பத்தில் ஒருவரான உங்களுக்கு என் நன்றி” என்றது எம்.டி.யின் குரல். பின்சீட்டில் எம்.டி. தலையை ஆட்டி ரசித்தார். வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. மறுபடி நன்றி, மறுபடி ஒரு சாண். அதற்கடுத்த நன்றிக்கு எம்.டி. ரசிக்கவில்லை.

“அத நிறுத்துங்க.”

“முடியாது சார். சர்வீஸ்ல கேட்டேன். அது குறை இல்ல, அன்புன்னு சொன்னாங்க.”

அதற்கப்புறம் வண்டி நன்றி சொல்வதையும் விட்டுவிட்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஏசி நின்றதும் நூலகர் தம் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டார். பின்சீட்டில் கண்ணாடி இறங்கவில்லை. எம்.டி. கதவின் பிடியை இழுத்தார், அசைத்தார், உலுக்கினார். முன்சீட்டு வழியாக வெளியே வரலாமென்று இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் உடம்பைச் செருகினார். தோள் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் கோட்டும் வயிறும் சம்மதிக்கவில்லை. சர்வீஸ் மேனேஜர் ஓடி வந்து வெளிப்பக்கப் பிடியை இழுத்தார். பிறகு, சாவி இல்லாமல் அது திறக்காது, மிகவும் பாதுகாப்பான கதவு என்று முதலாளியிடமே விளக்கம் சொன்னார்.

டீச்சர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் மணியைப் பற்றிய கேள்வி வரும். அன்று வரவில்லை.

“இன்னிக்கும் போச்சாங்க?” என்றார் மெதுவாக.

நூலகர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை, ஒன்றுமில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். சுற்றிப் போய் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கி, பந்தலிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பிறகு திரும்பி வந்து, திறந்திருந்த டிரைவர் ஜன்னல் வழியாகக் குனிந்தார். நூலகத்தில் பேசுகிற அதே தணிந்த குரலில்தான் பேசினார். ஆனால் பந்தல் முழுக்க மூச்சுக் காட்டாமல் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“மொதல்ல மணி சார். அப்புறம் பச்சை. அதுக்கப்புறம்தான் சாவி. இதான் இங்க வழக்கம்.”

எம்.டி.க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேனேஜரைப் பார்த்துக் கத்தினார். மேனேஜர் உறவுக்காரரைப் பார்த்தார். உறவுக்காரர் வேறு துறையைத் தேடினார். வேறு துறையும் அங்கேயேதான் கைதட்டத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

“யோவ், வேர்க்குதுய்யா. வண்டியில ஏதோ கோளாறு இருக்கு, திறந்து விடுய்யா.”

“கோளாறு இல்ல சார். குளத்தைச் சுத்தி ஓட்டிப் பாத்துட்டாங்க.”

கேமராக்காரர் இந்த விழாவை ஒரு நொடி விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எடுக்கத்தான் சொல்லியிருந்தார்கள், நிறுத்தச் சொல்லவில்லை. புது வண்டி வாங்க வந்தவர்களும் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எம்.டி. அவர்களைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சீட்டுகளின் இடுக்கிலிருந்தே, என்ன வேண்டும் என்று கேட்டார்.

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார் நூலகர். எம்.டி. சொன்னார். உங்கள் கார் இவளை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அதற்கும் தலையாட்டினார். பிறகு நாலு பேர் மணியைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்து டிரைவர் ஜன்னலுக்கு எதிரே வைத்தார்கள். எம்.டி. இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து கையை நீட்டி, விரல் நுனியில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி முனகியது.

“இன்னும் கொஞ்சம் நிறைவா அடிங்க சார்” என்றார் உறவுக்காரர். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பழக்கம் யாரை விட்டது.

எம்.டி. ஓங்கி அடித்தார். அடித்த மாத்திரத்தில் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களாலும் வேறு ஒன்றும் செய்ய முடியாது. உறவுக்காரர் மேசைத் திரையைக் கொண்டுவந்து நீட்டினார், எம்.டி. பச்சை முகத்தைத் தொட்டார், கேமரா மின்னியது. நூலகர் பின்கதவைத் திறந்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு மனைவியிடம் போனார்.

எம்.டி.யின் கார் வாசலில் நின்றது. அது அந்தக் கம்பெனி விற்கிற கார் இல்லை. அதை டீச்சர்தான் முதலில் கவனித்தார், கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஏறினார். ஆஸ்பத்திரிச் சாலை வந்தது. டிரைவர் இடப்பக்கம் திருப்பினார், வண்டி பாட்டுக்குத் திரும்பியது. அவ்வளவு சாதாரணமான விஷயத்துக்கு நூலகரின் கண்கள் நிறைந்துவிட்டன. பெரிய டாக்டர் கிளம்புகிற நேரத்தில் போய்ப் பிடித்தார்கள். கால் கெட்டுப்போகவில்லை, ஆனால் கெடப் பார்த்தது, இனி விடாமல் வந்தால் கத்தி வேண்டாம் என்றார் அவர். மடக்கியபோது வலியில் உயிர்போனது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். பயிற்சிக்காரப் பெண்ணுக்கு அது பிடித்துவிட்டது.

ஷோரூமில் விசாரணைக் குழு போட்டார்கள். வண்டியைக் குளத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை பந்தலில்தான் என்று குழு கண்டுபிடித்தது. இனிமேல் குளத்துக்கு இடப்பக்கம் பந்தல் போடக் கூடாது என்று ஒழுங்குமுறை வந்தது. நூலகரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்புக் குரல் பொருத்திய செலவை மட்டும் கழித்துக்கொண்டார்கள். சுவரில் மகிழ்ந்த முகங்கள் வரிசையில் ஒரு படம் கூடியது. அதில் வேர்த்து வழிகிற ஒரு பெரிய மனிதர் கார் ஜன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டி மணியடித்துக்கொண்டிருக்கிறார்.

மாதங்கள் போயின. டீச்சர் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், கணவர் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, உயரமான அந்தப் படியில் தன் காலாலேயே ஏறினார். வலித்தது, ஆனாலும் ஏறிவிட்டார். பஸ் ஷோரூமைத் தாண்டி ஆஸ்பத்திரிச் சாலை முக்குக்கு வந்தபோது நின்றுவிட்டது. முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார் இடப்பக்க விளக்கை மினுக்கிக்கொண்டு, திரும்பவும் முடியாமல் போகவும் முடியாமல் குறுக்கே கிடந்தது. உள்ளே ஒரு குடும்பம். பின்கண்ணாடியில், ஆண்டின் நிறைவான வாடிக்கையாளர் ஓட்டிய வாகனம் என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தது. கம்பீரமான குரல் ஒன்று, எங்கள் குடும்பத்தில் ஒருவரான உங்களுக்கு, என்று தொடங்கியது.

டீச்சர் கணவரைப் பார்த்தார்.

“பாவம், மணி அடிச்சிருப்பாங்க.”

நூலகர் எழுந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். காரை நோக்கி நடந்து போய் ஜன்னலில் குனிந்தார். ஓட்டிக்கொண்டிருந்தவர் வியர்த்து விறுவிறுத்து, வண்டி இடப்பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது, ஷோரூமிலோ குறையே இல்லை என்கிறார்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும்” என்றார் நூலகர். “எம்.டி.யப் பின்சீட்டுல உக்கார வெச்சு இடப்பக்கம் திருப்புங்க. வண்டியத் திருப்பி எடுத்துக்குவாங்க.”